உளவியல் பிராஜெக்ட்டும் புள்ளியியலும்: நெல்லைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் உளவியல், எம்.எட்., நர்சிங், சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் ஜனவரி பிறந்ததும் பிராஜெக்ட் டேட்டாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வருஷம் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

அக்கா, கணக்கு வராதுன்னுதான் சைக்காலஜி எடுத்தேன். இங்கயும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எதுக்குக்கா?

ஆளுக்கு ஆள் மனசு வேறுபடுவதால்தான். ஒரே வகுப்பு, ஒரே பரீட்சை. ஒரு பிள்ளைக்குக் கை நடுங்கும், பக்கத்துப் பிள்ளை நிம்மதியாக எழுதும். அதே பிள்ளை நாளைக்கு வேறு மாதிரி இருக்கும். இந்த இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு நடுவே நீங்கள் தேடுகிற வித்தியாசம் நிஜமாக இருக்கிறதா, தற்செயலாகத் தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைகள் வந்தது அதற்காக.

கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள், யாரிடம் கேட்கிறீர்கள், எப்படி அளக்கிறீர்கள் என்ற மூன்றையும் நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும், அதுவும் டேட்டா எடுக்கப் போவதற்கு முன்னால். பிராஜெக்ட் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிறகு எந்தச் சோதனையாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

"பீடி சுற்றும் பெண்களின் மன அழுத்தம்"னு தலைப்பு வச்சிருக்கேன். சரியா இருக்கா?

தலைப்பு இருக்கிறது, கேள்வி இன்னும் வரவில்லை. முக்கூடல் பக்கம் போய் நூறு பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, சராசரி மன அழுத்தம் 22 என்று வந்தால் என்ன செய்வீர்கள்? 22 கூடுதலா குறைச்சலா என்று சொல்ல இன்னொன்று வேண்டும். "ஒரு நாளைக்குச் சுற்றும் பீடியின் எண்ணிக்கை கூடக்கூட மன அழுத்தமும் கூடுகிறதா?" என்பது ஒரு கேள்வி. "பீடி சுற்றுகிறவர்களுக்கும் அதே தெருவில் தையல் வேலை பார்க்கிறவர்களுக்கும் வித்தியாசம் உண்டா?" என்பது இன்னொன்று. முதலாவதில் இரண்டு அளவுகளுக்கு நடுவே தொடர்பு தேடுகிறோம். இரண்டாவதில் இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுகிறோம். பின்னால் எந்தச் சோதனை என்பது இங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். அளக்கப்போகும் விஷயங்களுக்கு அடியில் கோடு போட முடிந்தால் கேள்வி தயார். "தொடர்பும் இல்லை, வித்தியாசமும் இல்லை" என்று அதற்கு எதிராக வைப்பதுதான் இன்மைக் கருதுகோள். சோதனை அதைத்தான் சோதிக்கும்.

எத்தன பேரைக் கேக்கணும்? எல்லாரும் 384ங்காங்களே?

அந்த 384 கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970ல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருகிறது. பெரிய மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேருக்கு ஒரு குணம் இருக்கிறது என்பதை, 95 சதவீத நம்பிக்கையோடு, 5 சதவீதப் புள்ளி முன்னே பின்னே இருக்கும்படி மதிப்பிட வேண்டுமானால் அத்தனை பேர் வேண்டும். அதுவும் சமவாய்ப்பு (ரேண்டம்) முறையில் எடுத்திருக்க வேண்டும். உங்கள் கேள்வி சதவீதத்தைப் பற்றியதே இல்லை என்றால் 384க்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை.

இரண்டு குழுக்களை ஒப்பிடுகிறவர்களுக்கு வேறு கணக்கு. எவ்வளவு பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். இரு சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் சிதறும் அளவு) வகுத்துப் பார்க்கும் ஜேக்கப் கோஹனின் அளவுகோலில் பெரிய வித்தியாசம் 0.8, நடுத்தரம் 0.5, சிறியது 0.2. இருபக்க டி சோதனை (இரு சராசரிகளை ஒப்பிடுவது), 0.05 மட்டம் (இதைப் பின்னால் பார்ப்போம்), உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், பெரியதற்குக் குழுவுக்கு 26 பேர் போதும், நடுத்தரத்துக்கு 64, சிறியதற்கு 393. சிறிய வித்தியாசத்தைத் தேடிக்கொண்டு குழுவுக்கு 30 பேரோடு இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அலைந்த அலைச்சல் அத்தனையும் வீணாக வாய்ப்பு அதிகம். ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் உங்கள் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸ்அப்ல விட்டுட்டேன். 210 பேர் நிரப்பிட்டாங்க. இது ரேண்டம் சாம்பிள்தானே மேடம்?

இல்லை. உங்கள் குரூப்பில் இருப்பவர்கள், போன் வைத்திருப்பவர்கள், நிரப்ப மனசு வந்தவர்கள், இவர்கள்தான் அந்த 210 பேர். சமவாய்ப்பு என்றால் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எடுத்தது வசதி மாதிரி (கன்வீனியன்ஸ் சாம்பிள்), அதாவது கைக்கு எட்டியவர்களை எடுப்பது.

வசதி மாதிரி எடுப்பது குற்றமில்லை, பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் அப்படித்தான் நடக்கின்றன. அதை அப்படியே எழுதுங்கள். "திருநெல்வேலி மாவட்ட இளைஞர்கள்" என்று தலைப்பில் போட்டுவிட்டு உள்ளே ஒரே கல்லூரிப் பிள்ளைகளை மட்டும் வைத்திருப்பதுதான் தப்பு.

கேள்வித்தாளை எடுத்துட்டுப் போனா ஆச்சிங்க எல்லாத்துக்கும் "ஆமா, ஆமா"ன்னே சொல்லுதாங்க. என்னக்கா செய்யதுக்கு?

இது நல்ல கேள்வி, நிறையப் பேர் கவனிக்காத கேள்வியும்கூட. அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும், கை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. உங்களுக்குப் பதில் சொல்ல நிறுத்துகிற ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கு நஷ்டம். சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். அந்த நேரத்தில் 60 கேள்வியோடு போய் நின்றால், சீக்கிரம் முடியட்டும் என்று "ஆமா" சொல்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? படித்த பிள்ளை கேட்கிறதே, மறுத்துச் சொல்வானேன் என்கிற மரியாதையும் அதில் இருக்கிறது. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தால் "வீட்டில் உங்களை மதிக்கிறார்களா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும்.

சரி, என்ன செய்யலாம்? சுற்றிய பீடியைக் கடையில் போட்டுவிட்டு ஓய்ந்திருக்கிற நேரம் எது என்று விசாரித்துப் போங்கள். கேள்விகளைக் குறையுங்கள். ஐந்து கட்ட ஸ்கேலை வாயால் வாசித்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஐந்து வட்டம் சின்னதிலிருந்து பெரியதாக அட்டையில் வரைந்து கொண்டுபோய்க் காட்டி, எந்த வட்டம் என்று கேளுங்கள். முதல் இரண்டு கேள்வி பதில் தெரிந்த சாதாரணக் கேள்வியாக இருக்கட்டும், முறை பழகும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேலில் சில வாக்கியங்களை எதிர்மறையாக வைத்திருக்கிறார்கள். ரோசன்பெர்க் தன்மதிப்பு ஸ்கேலில் 10ல் 5 அப்படி.

ஆங்கில ஸ்கேலை மொழிபெயர்க்கிறவர்கள் ஒருவரை வைத்துத் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுங்கள். அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் பத்துப் பேரிடம் வாசித்து, "இது என்ன கேட்கிறது?" என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஏற்கெனவே தமிழில் சோதித்த வடிவம் இருந்தால் அதையே அனுமதி வாங்கிப் பயன்படுத்துவது மேல்.

கிரான்பாக் ஆல்ஃபா மைனஸ்ல வந்துருக்கு. டேட்டா போச்சா?

போகவில்லை. மேலே சொன்ன எதிர்மறை வாக்கியங்களைத் திருப்பி மதிப்பெண் போட மறந்திருப்பீர்கள். 1 முதல் 5 வரை உள்ள ஸ்கேலில் 6லிருந்து கழித்தால் திரும்பிவிடும். பிறகும் 0.7க்கு ரொம்பக் கீழே இருந்தால் கேள்விகளையே பார்க்க வேண்டும். அதோடு, ஆல்ஃபா நன்றாக இருந்தால் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டும்தான் பொருள். நீங்கள் நினைத்த விஷயத்தைத்தான் அளக்கின்றனவா என்பது ஏற்புடைமை, அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

பி மதிப்புன்னா உண்மையிலேயே என்னக்கா? புக்ல படிச்சாலும் மண்டைல ஏறல.

அல்வாவை வைத்துச் சொல்கிறேன். தாமிரபரணித் தண்ணீரில் கிண்டினால்தான் அந்த ருசி என்று நம் ஊரில் சொல்வோம். ஒருவர், "எந்தத் தண்ணீர் என்று சாப்பிட்டே சொல்லிவிடுவேன்" என்கிறார். சோதித்துப் பார்ப்போம். ஒரே கோதுமைப் பால், ஒரே நெய், ஒரே சர்க்கரை, ஒரே கை. நான்கு துண்டு ஆற்றுத் தண்ணீரில், நான்கு துண்டு போர்வெல் தண்ணீரில். எட்டையும் சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசையில் கொடுக்கிறோம். கொடுக்கிறவருக்கும் எது எதென்று தெரியாது. ஆற்றுத் தண்ணீர் நான்கை அவர் பிரித்துக் காட்ட வேண்டும்.

எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். அவருக்கு ஒன்றுமே தெரியாது, குருட்டாம்போக்கில் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டால் (இதுதான் இன்மைக் கருதுகோள்), நான்கும் சரியாக வர 70ல் ஒரு வாய்ப்பு, அதாவது 0.014. அந்த 0.014தான் பி மதிப்பு. நான்கில் மூன்று மட்டும் சரியாகச் சொன்னால்? மூன்று சரியாக வரும் வழிகள் 16, நான்கும் சரியாக வருவது 1, ஆக 70ல் 17, அதாவது 0.24. குருட்டாம்போக்கிலும் நாலு தரத்துக்கு ஒரு தரம் அப்படி வந்துவிடும். எனவே அதை வைத்து அவர் நாக்கைப் பாராட்ட முடியாது. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935ல் தேநீரையும் பாலையும் வைத்து எழுதிய சோதனையின் அமைப்பு இது.

ஆக, ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டால் நமக்குக் கிடைத்த அளவோ அதைவிடத் தூக்கலானதோ வருவதற்கான வாய்ப்புதான் பி மதிப்பு. "இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 1.4 சதவீத வாய்ப்பு" என்று இதை எழுதக் கூடாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016ல் தனி அறிக்கையே வெளியிட்டு இதைச் சொன்னது. பல வைவாக்களில் பிள்ளைகள் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில்தான். அல்வாக் கணக்கை ஒரு முறை தாளில் போட்டுப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

அந்த 0.05 யார் வச்சது? 0.04 வந்தா பாஸ், 0.06 வந்தா ஃபெயிலா?

ஃபிஷர்தான் 1925ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இருபதில் ஒன்று என்பதை வசதியான எல்லையாகச் சொன்னார். பி மதிப்பு அதற்குக் கீழே வந்தால் "சிக்னிஃபிகன்ட்" என்பார்கள். அது இயற்கை விதி இல்லை. 0.04க்கும் 0.06க்கும் சான்றின் பலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. "0.05க்குக் கீழே" என்று மட்டும் எழுதாமல் கிடைத்த எண்ணை அப்படியே எழுதுங்கள், நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை அளவு எதற்கும் எதற்கும் நடுவே இருக்கலாம் என்று காட்டும் வீச்சு) சேர்த்து.

எனக்கு டி டெஸ்டா, அனோவாவா, கை ஸ்கொயரா? நீங்களே சொல்லிருங்கக்கா.

தலைப்பைப் பற்றிய கேள்வியில் கோடு போடச் சொன்னேன் அல்லவா, அங்கே போங்கள். அளந்தது மதிப்பெண்ணா, வகையா? இரண்டும் மதிப்பெண் (பீடி எண்ணிக்கை, மன அழுத்தம்) என்றால் ஒட்டுறவு (கோரிலேஷன்). ஒன்று வகை, மற்றது மதிப்பெண் என்றால், வகை இரண்டாக இருந்தால் டி சோதனை, மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் அனோவா. இரண்டுமே வகை (ஆண்/பெண், உதவி தேடினார்/தேடவில்லை) என்றால் கை வர்க்கச் சோதனை. எதிர்பார்க்கும் எண்ணிக்கை கட்டத்தில் 5க்குக் கீழே போனால் ஃபிஷரின் துல்லியச் சோதனை. ஒரே ஆளை இரண்டு தரம் அளந்திருந்தால் ஜோடி டி சோதனை. வேறு வேறு ஆட்களை அளந்தால் சாராக் குழு டி சோதனை, அதிலும் இரு குழுக்களின் சிதறலும் சமம் என்று கேட்காத வெல்ச் வடிவம் பாதுகாப்பானது.

மூன்று குழு இருந்தால் மூன்று டி சோதனை போட்டுவிடலாமே என்பார்கள். ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் தவறாக "உண்டு" என்று சொல்லும் ஆபத்து இருக்கிறது. சேர்ந்தால் அது ஏறத்தாழ 14 சதவீதம் வரை போகும். அதனால்தான் அனோவா.

நார்மாலிட்டி டெஸ்ட் ஃபெயில் ஆயிட்டு. எல்லாத்தையும் மாத்தணுமா?

மதிப்பெண்கள் மணி வடிவில் பரவியிருக்கின்றனவா என்பதுதான் நார்மாலிட்டி. முதலில் வரைபடத்தைப் பாருங்கள். ஆள் எண்ணிக்கை பெரியதாக இருந்தால் ஷாபிரோ-வில்க் சோதனை கண்ணுக்குத் தெரியாத கோணலுக்கும் கூப்பாடு போடும், டி சோதனையோ அதைத் தாங்கிக்கொள்ளும். ஆட்கள் குறைவு, பரவலும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்றால் மான்-விட்னி, வில்காக்சன், கிரஸ்கல்-வாலிஸ் போன்ற தரவரிசைச் சோதனைகளுக்குப் போங்கள்.

செல்போன் கூடப் பாக்குற பிள்ளைகளுக்குத் தூக்கம் கம்மியா இருக்கு. ஒட்டுறவு வந்துருக்கு. "செல்போனால் தூக்கம் கெடுகிறது"ன்னு எழுதலாமா?

எழுதக் கூடாது. தூக்கம் வராததால் போனை எடுத்திருக்கலாம். வீட்டுப் பிரச்சினை ஒன்று இரண்டையும் கிளப்பியிருக்கலாம். ஒட்டுறவுக்கு எது முன்னே எது பின்னே என்று தெரியாது.

2023 வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்தவங்களுக்கு மன அழுத்தம் கூடிருக்கான்னு பாக்கணும். முன்னாடி எடுத்த டேட்டா இல்லையே?

டிசம்பர் 17, 18ல் தாமிரபரணி கரை மீறியது யாரும் முன்பே சொல்லி வைத்து நடந்ததில்லை. அதனால் முன் அளவு இல்லாதது உங்கள் குறையும் இல்லை. தண்ணீர் ஏறிய தெருவையும் ஏறாத தெருவையும் ஒப்பிடலாம். ஆனால் பள்ளத்தில் வீடு கட்டியிருப்பவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள். மன அழுத்தம் கூடுதலாகத் தெரிந்தால் அது வெள்ளத்தாலா, ஏற்கெனவே உள்ள கஷ்டத்தாலா? மேலே செல்போன் கேள்வியில் பார்த்த அதே மூன்றாவது ஆள்தான் இங்கேயும் நிற்கிறார்.

வருமானம், வீட்டு வகை, வேலை இவற்றைக் கட்டாயம் கேட்டு வாங்கி, தொடர்புப் போக்குப் பகுப்பாய்வில் (ரெக்ரெஷன்) அவற்றையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் எத்தனை அடி ஏறியது, எத்தனை நாள் நின்றது என்றும் கேளுங்கள். அடி கூடக்கூட மன அழுத்தமும் படிப்படியாகக் கூடினால் உங்கள் வாதம் பலப்படும். "வெள்ளத்துக்கு முன் எப்படி இருந்தீர்கள்?" என்று இப்போது கேட்டு வாங்கும் பதிலை முன் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்ட கஷ்டம் நினைவையும் மாற்றிவிடும்.

பதட்டம் அதிகமா உள்ள 30 பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு பதட்டம் நல்லாக் குறைஞ்சிருக்கு. பி 0.001க்குக் கீழ. சூப்பர்ல்லா?

குறைந்தது நிஜம். பயிற்சியால் குறைந்தது என்று சொல்லத்தான் இன்னும் ஆதாரம் இல்லை. மிக உச்சத்தில் இருந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கினீர்கள். அன்றைக்கு அப்படி உச்சத்தில் இருந்ததில் கொஞ்சம் அந்த நாளின் கோளாறும் இருக்கும். மறுபடி அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரியை நோக்கி இறங்குவார்கள். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்து பிரான்சிஸ் கால்டன் 1886ல் எழுதியது இந்த விஷயத்தைத்தான். நடுவில் திருப்புதல் தேர்வு முடிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

60 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கி 30, 30ஆகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு இப்போது பயிற்சி, மறு பாதிக்கு இரண்டாம் அளவு முடிந்த பிறகு. பிறகு கொடுப்பதால் யாரையும் ஏமாற்றியதாகவும் ஆகாது. இரண்டு குழுவும் எவ்வளவு இறங்கின என்பதன் வித்தியாசம்தான் உங்கள் முடிவு.

டவுன்ல ஒரு ஸ்கூல்ல பயிற்சி, பாளையங்கோட்டைல ஒரு ஸ்கூல்ல பயிற்சி இல்ல. ஸ்கூலுக்கு நூறு பேர். இப்ப கன்ட்ரோல் குரூப் இருக்குல்லா?

இருக்கிற மாதிரி தெரியும், இல்லை. ஸ்கூலே வேறு; ஆசிரியர் வேறு, கட்டணம் வேறு, பிள்ளைகள் வரும் குடும்பம் வேறு. வித்தியாசம் வந்தால் பயிற்சியாலா, ஸ்கூலாலா என்று பிரிக்கவே முடியாது. ஒரே ஸ்கூலுக்குள் குலுக்கிப் பிரிப்பது நல்லது. இல்லையென்றால் நிறைய ஸ்கூல்கள் வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். 40 பேர் கொண்ட 5 வகுப்புகளை முழுசாக எடுத்து, வகுப்புக்குள் உள்ள ஒற்றுமை (முழுசாக ஒத்திருந்தால் 1) வெறும் 0.1 என்று வைத்தாலும், உங்கள் 200 பேரின் தகவல் தனித்தனியாக எடுத்த சுமார் 41 பேருக்குத்தான் சமம் (1 + 39 × 0.1 = 4.9ஆல் வகுக்க வேண்டும்). 384 பேர் எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள், எத்தனை வகுப்பிலிருந்து எடுத்தோம் என்றும் எண்ணிப் பாருங்கள்.

400 பேர்ல ஒட்டுறவு 0.10. சிக்னிஃபிகன்ட்னு வந்துட்டு. முக்கியமான கண்டுபிடிப்புதானே?

பி மதிப்பு 0.05க்குச் சற்றுக் கீழே வந்திருக்கும், சரி. 0.10ஐ அதனாலேயே பெருக்கினால் 0.01. அதாவது ஒன்றின் ஏற்ற இறக்கத்தில் 1 சதவீதத்தைத்தான் மற்றது விளக்குகிறது. ஆட்கள் கூடினால் துளி வித்தியாசமும் எல்லையைத் தாண்டிவிடும். இருக்கிறதா என்பதோடு நிற்காமல் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த விளைவு அளவைத்தான் படிப்பவர்கள் தேடுவார்கள்.

ஆண்-பெண், கிராமம்-நகரம், தமிழ் வழி-இங்கிலீஷ் வழி, கூட்டுக்குடும்பம்-தனிக்குடும்பம்னு எல்லாத்துக்கும் போட்டேன். ரெண்டுல மட்டும் வந்துருக்கு.

நம் பக்கத்து எம்.எட். ஆய்வேடுகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம். நான்கு ஸ்கேல், ஐந்து பிரிவு என்றால் 20 சோதனைகள். எதிலுமே வித்தியாசம் இல்லாவிட்டாலும், 20 தனித்தனிச் சோதனைகளில் குறைந்தது ஒன்றாவது 0.05க்குக் கீழே வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு. வந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு "கூட்டுக்குடும்பப் பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு அதிகம்" என்று எழுதினால், அடுத்த வருஷம் இன்னொருவர் அதை மேற்கோள் காட்டுவார், அதற்கடுத்தவர் அதன்மேல் கட்டுவார்.

எதற்குக் காரணம் சொல்ல முடியுமோ அந்த இரண்டு மூன்றை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துச் சோதியுங்கள். கட்டாயம் எல்லாம் வேண்டும் என்றால் போன்ஃபெரோனி முறையில் 0.05ஐ 20ஆல் வகுத்து 0.0025ஐ எல்லையாக வைக்கலாம். டேட்டாவைப் பார்த்த பிறகு தோன்றியதை "பார்த்த பிறகு தோன்றியது" என்றே எழுதுங்கள். அதுவும் மதிப்புள்ளதுதான், அடுத்த ஆய்வுக்குக் கேள்வியாக.

ஒண்ணுமே வரல மேடம். பி 0.38. பிராஜெக்ட் வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்லை. உளவியலில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த பெரிய கூட்டு முயற்சி ஒன்று 2015ல் வெளிவந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 0.05 எல்லையைத் தாண்டி "சிக்னிஃபிகன்ட்" ஆகியிருந்தன. திரும்பச் செய்தபோது தாண்டியவை 36 சதவீதம். "வராத" முடிவுகள் பீரோவுக்குள்ளேயே கிடந்து, வந்தவை மட்டும் அச்சேறியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். உங்கள் 0.38ஐ ஒளிக்காமல் எழுதுவது துறைக்கே செய்கிற உதவி.

ஆனால் "வித்தியாசம் இல்லை என்று நிரூபித்தேன்" என்றும் எழுதாதீர்கள். நம்பிக்கை இடைவெளியைப் பாருங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி ஒடுங்கியிருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லலாம். இங்கிட்டும் அங்கிட்டும் அகன்று கிடந்தால், ஆட்கள் போதவில்லை என்பதுதான் அதன் பொருள்.

18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகள்ட்ட கேக்க ஸ்கூல் பெர்மிஷன் போதுமா?

போதாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் வேண்டும். 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், வகுப்பாசிரியர் முறைத்துப் பார்த்து எழுத வைப்பதெல்லாம் கூடாது.

பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வு பாக்குற ஒம்பது கேள்வி ஸ்கேல்) கொடுத்தேன். ஒரு பிள்ளை ஒம்பதாவது கேள்விக்கு "கிட்டத்தட்ட தினமும்"னு போட்டுருக்கு. நான் என்ன செய்ய?

கணக்கை அப்படியே வைத்துவிட்டு இன்றைக்கே உங்கள் கைடிடம் சொல்லுங்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்கிற எண்ணமோ தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணமோ வருகிறதா என்று கேட்பது. அதைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து எக்செலில் ஏற்றும்போது பார்ப்பது சரியில்லை. தாள்களை வாங்கிய அன்றே அந்த ஒரு வரியை மட்டும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஆபத்து என்றால் ரகசியத்தைத் தளர்த்துவோம் என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

உதவி எங்கே கிடைக்கும் என்ற தாளை எல்லாருக்குமே கொடுங்கள், ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். இந்த ஸ்கேலில் 10ம் அதற்கு மேலும் வந்தவர்களை "மனச்சோர்வு நோயாளிகள்" என்றும் எழுதாதீர்கள். அது மேற்கொண்டு பார்க்க வேண்டியவர்களை இனங்காண்பதற்கான எல்லை மட்டும்தான்.

எஸ்.பி.எஸ்.எஸ். வாங்கக் காசில்ல.

எஸ்.பி.எஸ்.எஸ். செய்கிற புள்ளியியல் கணக்கைப் போட ஜாஸ்ப், ஜமோவி என்ற மென்பொருள்கள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். ஜாஸ்ப் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் இவற்றில் உண்டு, விளைவு அளவும் ஒரு டிக் போட்டால் வந்துவிடும்.

ஒரு மூணு பேரை எடுத்துட்டா சிக்னிஃபிகன்ட் ஆயிரும்க்கா. அவங்க ஸ்கோரும் ஒரு மாதிரித்தான் இருக்கு. எடுத்துரலாமா?

அந்த மூன்று பேரின் தாளை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். 5 போட வேண்டிய இடத்தில் 55 என்று தட்டியிருந்தால் திருத்துங்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தில் கோடு இழுத்த தாள் என்றால் நீக்கலாம். ஆனால் அதே விதியை மீதி எல்லாத் தாளுக்கும் வைக்க வேண்டும். அப்போது மூன்று பேரோடு இன்னும் ஏழு பேரும் போகலாம், முடிவு வேறு பக்கமும் திரும்பலாம். தாளில் ஒரு குறையும் இல்லை, மதிப்பெண் மட்டும் தள்ளி நிற்கிறது என்றால் அவர்கள் உங்கள் மாதிரியில் உள்ள மனுஷர்கள், இருக்கட்டும்.

எப்படிச் செய்தாலும் அவர்களோடு சேர்த்து ஒரு கணக்கு, இல்லாமல் ஒரு கணக்கு என்று இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எத்தனை பேரை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்பதை அதற்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.